அதே மாத்திரை, அதே அளவு... ஆனால்?



இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் மனநோய் சம்பந்தப்பட்டதைப் பிரிக்கும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். கவரின் பின்புறம் அனுப்பியவர் பெயர் இருக்காது. உள்ளே, கடைசி வரியில், "தயவுசெய்து ஊர், பேர் போட்டுவிடாதீர்கள்" என்று இருக்கும். சென்ற கார்த்திகையில் வந்த ஒரு கடிதமும் அப்படித்தான். அது பதினைந்து நாள் காத்திருக்கக்கூடிய கடிதம் இல்லை என்பதால் அன்றைக்கே தனியாகப் பதில் போட்டேன். இப்போது அந்தச் சகோதரியின் சம்மதத்தோடு, ஊர், பேர் இல்லாமல், எல்லோருக்கும் உபயோகப்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

"டாக்டரம்மா, என் வீட்டுக்காரருக்கு 38 வயசு. கல்யாணமான இரண்டாவது வருஷமே காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று ஆரம்பித்தது. எத்தனையோ மருந்து பார்த்தோம். கடைசியில் க்ளோசாபின் என்ற மாத்திரைதான் கேட்டது. ஆறு வருஷமாக தினம் 400 மில்லிகிராம். கடையைத் திறக்கிறார், கணக்குப் பார்க்கிறார், பெண்ணை ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விடுகிறார். ஒரே ஒரு கெட்ட பழக்கம், நாளுக்குப் பதினைந்து சிகரெட். இந்த வருஷம் கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டார். போட்ட நிமிஷத்திலிருந்து சிகரெட்டைத் தொடவில்லை. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஆனால் பத்து நாளாகவில்லை, ஆள் மாறிவிட்டார். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து குளிக்க வேண்டியவர் எழுப்ப எழுப்ப எழுந்திருக்கவில்லை. வாயில் எச்சில் வழிந்து தலையணை நனைகிறது. நடந்தால் தள்ளாடுகிறார். நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை. குருசாமி கோபித்துக்கொள்கிறார். மாமியார், 'சாமி போட்டவனுக்கு மாத்திரை எதுக்குடீ, ஐயப்பன் பார்த்துப்பான், நிறுத்து' என்கிறார். வருஷக்கணக்காக 'அந்தச் சனியனை விட்டுத் தொலையுங்களேன்' என்று நச்சரித்தவள் நான்தான். விட்டது தப்பாகப் போய்விட்டதா? மாத்திரையை நான் நிறுத்திவிடட்டுமா?"

நான் எழுதிய பதில் நாலே வரி. "சிகரெட்டை விட்டது தப்பே இல்லை. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நாளைக்கே அவரை மனநல டாக்டரிடம் அழைத்துப் போய், எந்தத் தேதியில் புகையை விட்டார் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். எழுப்ப முடியாமல் போனாலோ, வலிப்பு வந்தாலோ, வயிறு உப்பி வாந்தி எடுத்தாலோ நாளை வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்."

ஏன் அப்படி எழுதினேன் என்பதைத்தான் இப்போது விளக்கப் போகிறேன்.

தொட்டியும் துவாரமும்

உங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே குழாயிலிருந்து ஒரே சீராகத் தண்ணீர் விழுகிறது. அடியில் ஒரு துவாரம் வழியாக வெளியே போய்க்கொண்டும் இருக்கிறது. உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாக இருந்தால் தண்ணீர் மட்டம் ஏறாது, இறங்காது.

தினம் சாப்பிடும் மாத்திரைதான் குழாய்த் தண்ணீர். ரத்தத்தில் இருக்கும் மருந்தின் அளவுதான் தொட்டியின் மட்டம். துவாரம் என்பது நம் ஈரல். மருந்தை உடைத்து வெளியேற்ற ஈரலில் என்சைம் என்ற வேலைக்காரர்கள் பலவிதமாக இருக்கிறார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு வேலைக்காரர். குழாயைத் தொடாமலே, துவாரம் பெரிதானால் மட்டம் இறங்கும். அடைத்துக்கொண்டால் மட்டம் ஏறும். மூளையை எட்டுவது டாக்டர் சீட்டில் எழுதிய எண் அல்ல, இந்த மட்டம்தான்! அதனால்தான் ஒரே மாத்திரையை ஒரே அளவில் சாப்பிடும் இரண்டு பேருடைய ரத்தத்தில் மருந்தின் அளவு பல மடங்கு வித்தியாசப்படுவது உண்டு.

சிகரெட், பீடி, சுருட்டு எதுவானாலும், எரியும் புகையிலையின் கரிப்புகையில் சில ரசாயனங்கள் இருக்கின்றன. இவை க்ளோசாபினை உடைக்கும் வேலைக்காரர்களின் எண்ணிக்கையைக் கூட்டிவிடுகின்றன. அதாவது துவாரம் பெரிதாகிறது. அந்தச் சகோதரியின் கணவருக்கு 400 மில்லிகிராம் என்று நிர்ணயித்தது, பெரிய துவாரத்தோடு இருந்த தொட்டிக்கு. புகையை நிறுத்தியதும் சில நாட்களிலேயே துவாரம் பழைய அளவுக்குச் சுருங்கிவிட்டது. குழாயோ அதே வேகத்தில் கொட்டிக்கொண்டிருக்கிறது. தொட்டி நிரம்பி வழியாமல் என்ன செய்யும்? அந்தத் தூக்கமும், எச்சிலும், தள்ளாட்டமும், மலச்சிக்கலும் சாமி குற்றமும் அல்ல, சோம்பேறித்தனமும் அல்ல. மருந்து மிஞ்சிப் போனதன் அடையாளங்கள்.

இதிலே கவனிக்க வேண்டியது, வேலையைச் செய்வது புகைதான், நிகோடின் அல்ல. ஆகவே சிகரெட்டை விட்டுவிட்டு நிகோடின் சூயிங்கம் மெல்லுகிறவருக்கும் மட்டம் ஏறத்தான் செய்யும். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவருக்கு, புகை இல்லாததால், இந்தத் துவாரம் பெரிதாவது கிடையாது. (அதற்காகப் புகையிலை நல்லது என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். வாய்ப்புற்றுநோய் காத்துக்கொண்டிருக்கிறது.)

ஓலன்சாபின் என்ற மருந்துக்கும் இதே கதைதான், கொஞ்சம் குறைந்த அளவில். ரிஸ்பெரிடோன், க்வெடியாபின், அரிபிப்ரசோல் ஆகியவற்றைப் புகை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. அதனால் நம் வீட்டு நோயாளி சாப்பிடுவது எந்த மருந்து என்பது தெரிந்திருக்க வேண்டும். "அந்த வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் போதாது.

இதற்கு ஏன் இத்தனை ஜாக்கிரதை?

க்ளோசாபின் ஒரு விசேஷமான மருந்து. ஐரோப்பாவில் 1970-களின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்தது. 1975-ல் பின்லாந்தில் இதைச் சாப்பிட்டவர்களில் சிலர் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் குறைந்து இறந்துபோனார்கள். பல நாடுகள் இதை ஒதுக்கிவைத்தன. பிறகு 1988-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி, வேறு மருந்துகளுக்கு மசியாத மனச்சிதைவு நோயாளிகளுக்கும் இது குணம் தருகிறது என்று காட்டியது. வெள்ளை அணுக்களைத் தவறாமல் பரிசோதிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மருந்து திரும்பி வந்தது. வேறு எதற்கும் கேட்காத ஒருவரைக் கடையில் கல்லாவில் உட்காரவைத்திருக்கிற மருந்தை அநாவசியமாக இழந்துவிடக் கூடாது. அதே சமயம், மட்டம் மிஞ்சினால் வலிப்பு வரலாம், இதயம் பாதிக்கப்படலாம். இந்த மருந்தினால் வரும் மலச்சிக்கல் முற்றிக் குடலே அசைவற்றுப் போய் உயிருக்கு ஆபத்தாவதும் உண்டு என்று அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் 2020-ல் பலமாக எச்சரித்தது. "நாலு நாளாச்சு, பழம் குடுத்துப் பார்ப்போம்" என்று இருந்துவிடக் கூடாது.

அதே 2020 ஆகஸ்டில் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் டாக்டர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பியது. க்ளோசாபின் சாப்பிடுகிறவர் புகையை நிறுத்தினாலும், நிமோனியா போன்ற கடுமையான தொற்று வந்தாலும், மட்டத்தை மாற்றக்கூடிய வேறு மருந்து சேர்ந்தாலும் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பாருங்கள் என்பதே அதன் சாரம்.

காய்ச்சல் வந்தால்

கடுமையான காய்ச்சலும் தொற்றும் வந்தால் உடம்பு அதோடு போராடுகிற மும்முரத்தில் ஈரலின் வேலைக்காரர்கள் மந்தமாகிவிடுகிறார்கள். க்ளோசாபின் மட்டம் இரண்டு மடங்குகூட ஆகலாம். அந்த நேரத்தில் அடுத்த தெரு டாக்டர், இவர் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று தெரியாமல் சிப்ரோஃப்ளாக்சசின் எழுதிக் கொடுத்தால், அதுவும் அதே துவாரத்தில் போய்த் துணியை அடைக்கும். இரட்டை அடி!

க்ளோசாபின் சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் இன்னொரு காரணத்துக்காகவும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு மூன்று நாள் பார்க்கிற காய்ச்சல் இல்லை இது.

இன்னொரு டாக்டர், இன்னொரு சீட்டு

மனநோய் உள்ளவருக்கு வேறு நோய் வராது என்று எழுதிவைக்கவில்லை. காசநோய் வரும், படர்தாமரை வரும், வலிப்பு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர், ஒரு சீட்டு. வீட்டுக்கு வந்து எல்லா மாத்திரையும் ஒரே டப்பாவில் சேருகிறது. அவை உள்ளே போய் என்ன செய்கின்றன?

*துவாரத்தைப் பெரிதாக்குகிறவை:* காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபின், ஃபெனிடாய்ன். இவை ஹாலோபெரிடால், க்வெடியாபின், க்ளோசாபின் போன்ற பல மருந்துகளின் மட்டத்தை நன்றாக இறக்கிவிடும். "மாத்திரை ஒழுங்காத்தான் சாப்பிடறான், ஆனா மறுபடி குரல் கேக்குதுங்கிறானே" என்று தாயார் திகைப்பதற்கு இது காரணமாக இருக்கலாம். கார்பமாசெபினும் வெள்ளை அணுக்களைக் குறைக்கக்கூடியது. ஆகவே க்ளோசாபினோடு அதைச் சேர்ப்பதைத் தவிர்ப்பார்கள். காசநோய் மருந்து முடிந்து நிறுத்தும்போது மட்டம் திரும்ப ஏறும் என்பதையும் மறக்கக் கூடாது. இதற்காகக் காசநோய் மருந்தை விட்டுவிடக் கூடாது. இரண்டு டாக்டர்களுக்கும் விஷயம் தெரிந்தால் அளவைச் சரிக்கட்டிக்கொள்வார்கள்.

*துவாரத்தை அடைக்கிறவை:* மனச்சோர்வுக்கும் எண்ணச் சுழற்சிக்கும் கொடுக்கும் ஃப்ளூவாக்சமின், க்ளோசாபின் மட்டத்தைப் பல மடங்கு ஏற்றிவிடும். பெயரில் அதற்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் ஃப்ளூவாக்செடின், ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால், அரிபிப்ரசோல் ஆகியவற்றை ஏற்றும். படர்தாமரைக்குக் கொடுக்கும் இட்ரகோனசோலும், கிருமிக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசினும் க்வெடியாபினை மிகவும் ஏற்றிவிடும்.

நம் காபியையும் விட்டுவிட முடியாது. க்ளோசாபினை உடைக்கும் அதே வேலைக்காரர்தான் காபியில் உள்ள கஃபீனையும் உடைக்கிறார். நாளுக்கு ஐந்தாறு டம்ளர் காபி குடிப்பவருக்கு மட்டம் சற்று ஏறியே இருக்கும். திடீரென்று நிறுத்தினால் இறங்கும். ஒன்றிரண்டு டம்ளர் குடிப்பவர் கவலைப்பட வேண்டாம். திடீர் மாற்றம்தான் கூடாது.

பெண்களுக்குச் சில வார்த்தைகள்

பொதுவாகப் பெண்களின் உடம்பு க்ளோசாபினையும் ஓலன்சாபினையும் ஆண்களைவிட மெதுவாகவே வெளியேற்றுகிறது. ஆகவே அண்ணனுக்கு எழுதிக் கொடுத்த அளவு தங்கைக்கு அதிகமாகப் போகலாம். ஈஸ்ட்ரஜன் உள்ள கருத்தடை மாத்திரை சேர்ந்தால் க்ளோசாபின் மட்டம் இன்னும் ஏறும். அதை நிறுத்தினால் இறங்கும். மனநல டாக்டரிடம் கருத்தடை மாத்திரையைப் பற்றிச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் நிறையப் பேர். கூச்சம் வேண்டாம்.

கர்ப்ப காலத்தில் உடம்பே வேறு கணக்குப் போடுகிறது. மாதம் ஏற ஏற க்வெடியாபின், அரிபிப்ரசோல் மட்டம் இறங்கிப் போவது உண்டு. எல்லா மருந்துக்கும் ஒரே விதி இல்லை. பிரசவமானதும் கணக்கு மறுபடி மாறும். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து மாத்திரையைத் தூக்கி எறிகிறவர்கள் உண்டு. நோய் திரும்பினால் தாய்க்கும் ஆபத்து, சிசுவுக்கும் ஆபத்து. முதலில் டாக்டரைப் பாருங்கள்.

வயது ஏற ஏற மருந்து வெளியேறுவது தாமதப்படும். ஈரல் கெட்டிருந்தால் பல மருந்துகள் தேங்கும். ரிஸ்பெரிடோன் விஷயத்தில் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். இவை தவிர, சிலருக்குப் பிறவியிலேயே சில வேலைக்காரர்கள் குறைவு. "எல்லாருக்கும் ஒத்துக்கிற மருந்து இவளுக்கு மட்டும் ஏன் இப்படிப் பண்றது?" என்று கேட்டால், அவள் நடிக்கவில்லை, அவள் ஈரல் அப்படி.

மட்டம் இறங்குவதற்கு எல்லாவற்றிலும் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு. மாத்திரை வயிற்றுக்குள் போகாததுதான்! நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துத் துப்புவது, ஊருக்குப் போன இடத்தில் மறப்பது, குணமாகிவிட்டது என்று நிறுத்துவது. திட்டினால் இன்னும் மறைப்பார்கள். "எதனாலே பிடிக்கலை?" என்று கேளுங்கள். பெரும்பாலும் தூக்கம், உடல் பருமன் என்று நியாயமான பதில் வரும். அதை டாக்டரிடம் சொல்லி வழி தேடலாம்.

இன்னொன்று. க்ளோசாபினை 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுவிட்டால், மறுநாள் பழைய அளவைத் தூக்கி விழுங்கக் கூடாது. ரத்த அழுத்தம் சட்டென்று விழும். 12.5 மில்லிகிராமிலிருந்து டாக்டர் மேற்பார்வையில் மறுபடி படியேற வேண்டும். அந்த மாமியாரின் யோசனையை நான் ஏன் அவசரமாகத் தடுத்தேன் என்று இப்போது புரிகிறதல்லவா?

ரத்தத்தில் பார்ப்பது எப்படி?

க்ளோசாபின் அளவை ரத்தத்தில் அளக்க முடியும். ஒரு மில்லி லிட்டரில் 350 நானோகிராமாவது இருந்தால் பலன் தரும் என்பது பொதுவான கணக்கு. 600-க்கு மேல் போனால் கவனம், 1000-ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம். இரவு மாத்திரை சாப்பிட்டுச் சுமார் 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரை சாப்பிடும் முன்பு ரத்தம் எடுக்க வேண்டும். வழக்கம் போல மாத்திரையைக் கொடுத்துவிட்டு அழைத்துப் போனால் எண் தப்பாக வரும். எண்ணை மட்டும் பார்த்து டாக்டர் முடிவு செய்யமாட்டார்; ஆளையும் பார்ப்பார். எல்லா மனநோய் மருந்துக்கும் இந்தப் பரிசோதனை அவசியமில்லை.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது சுலபம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் மருந்துகளின் பெயர், அளவு, வேளை. அடுத்த பக்கங்களில் தேதி போட்டு மாறுதல்கள்: புகையை விட்ட நாள், ஆரம்பித்த நாள், காய்ச்சல், புது மருந்து, நாட்டு மருந்து, காபி, கடைசியாக வெளிக்குப் போன நாள். பல் டாக்டரானாலும் சரி, மருந்துக் கடையானாலும் சரி, அந்த நோட்டு கையோடு போகட்டும். வீட்டில் யாருக்கும் சொல்ல முடியாமல் திகைக்கிறவர்கள் 14416 என்ற அரசாங்கத்தின் டெலிமானஸ் எண்ணுக்குப் போன் செய்து தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

சாமி என்ன ஆனார்?

தை மாதம் அந்தச் சகோதரியிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்தது.

"டாக்டரம்மா, மறுநாளே போனோம். ரத்தம் எடுத்தார்கள். முன்பு 430 இருந்தது இப்போது 780 என்றார் டாக்டர். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து 300-க்குக் கொண்டு வந்தார். மலச்சிக்கலுக்கும் மருந்து கொடுத்தார். ஒரு வாரத்தில் அவரே எழுந்து குளித்துச் சரணம் சொன்னார். இருமுடி கட்டி மலைக்கும் போய்வந்துவிட்டார். மாமியார்தான் இப்போது நோட்டில் எழுதுகிறார். எனக்கு இன்னும் பயம் விடவில்லை. திரும்பி வரும்போது வேனிலேயே சிநேகிதர்கள் சிகரெட்டை நீட்டினார்களாம். வாங்கவில்லை என்கிறார். நாளைக்கு வாங்கிவிட்டால்?"

சகோதரி, பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. மாலையைக் கழற்றியதும் சிகரெட்டைப் பற்றவைத்தால் துவாரம் மறுபடி பெரிதாகும். 300 மில்லிகிராம் அப்போது போதாது. குரல்கள் திரும்பலாம். அதனால் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "ஒன்று பிடித்தாலும் என்னிடம் சொல்லிவிடுங்கள், நான் சண்டை போடமாட்டேன்." சொன்னால் நீங்களும் அந்த வார்த்தையைக் காப்பாற்றுங்கள். சண்டைக்குப் பயந்து ஒளித்துப் பிடித்தால் டாக்டருக்கும் தெரியாமல் போய்விடும்.

நீங்கள் நச்சரித்ததில் தப்பே இல்லை. அவருடைய நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் நல்லதைத்தான் கேட்டீர்கள். அடுத்த கார்த்திகைக்கு மாலை போடும் முன்பு, குருசாமியைப் பார்க்கப் போகிற வாரத்திலேயே டாக்டரையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள்.